எருக்குழி ஓரத்து மண்

அத்திபெலே பக்கத்து மாட்டுப் பண்ணையிலிருந்து துணிப்பையோடு நெடுஞ்சாலையை நோக்கி நடந்துகொண்டிருந்தேன். எட்டாம் வகுப்பை விட்டபின் எத்தனையோ இடங்களிலிருந்து அப்படி வேலையைப் பாதியில் விட்டு நடந்திருக்கிறேன். அன்று பின்னால் மொபெட்டில் வந்து நிறுத்தியவர் அண்ணன்.

அண்ணன் ஊத்தங்கரை அருகே பிறந்தவர். அப்பா இறந்ததும் பதினாறு வயதில் பெங்களூரு வந்து, ஈஜிபுராவில் நான்கு பேரோடு ஓர் அறையில் இருந்தார். பொம்மசந்திராவில் மூட்டை தூக்கினார். பிறகு ஒரு மண் பரிசோதனைக் கூடத்தில் உதவியாளராகச் சேர்ந்து, கடைசிவரை அங்கேயே இருந்தார். பட்டினி கிடந்த நாட்களைப் பற்றிக் கேட்டால் “வயிறு சின்னது, சமாளிச்சுது” என்பார்.

அந்தப் பண்ணையில் நான்கு ஏக்கரில் குதிரைமசால் தீவனம் விதைக்குமுன், மணிச்சத்து, அதாவது பாஸ்பரஸ், பார்க்க மண் எடுத்துவரும் வேலையை அண்ணன் என்னிடம் விட்டிருந்தார். பத்து இடங்களில் ஒரு சாண் ஆழம் தோண்டி, ஒன்றாகக் கலந்து எடுக்க வேண்டும். கோடையில் நிலம் இறுகிக் கிடந்தது. பழைய எருக்குழி ஓரத்தில், எரு ஊறிய மண்ணில் மட்டும் மண்வெட்டி இறங்கியது. பையை அங்கேயே நிரப்பிவிட்டேன். மணிச்சத்து மிகுதி, சூப்பர் பாஸ்பேட் உரம் வேண்டாம் என்று முடிவு வந்தது. பயிர் முளைத்துக் குட்டையாகவே நின்றது. விதைதான் கோளாறு என்று பண்ணைக்காரர் எல்லாவற்றையும் உழுதுவிட டிராக்டரை வரவழைத்தார். அதைப் பார்த்ததும்தான் கிளம்பினேன்.

“மண்ண எங்கடா எடுத்த?” என்றார் அண்ணன்.

“எருக்குழிகிட்ட.”

“பத்து குழியுமா?”

“ஒரே குழிதான்.”

“சோம்பேறித்தனத்தயாவது ஒழுங்கா பண்ணியிருக்க. ஏறு வண்டில.”

பண்ணைக்காரரிடம், மண்ணைத் தாமே தவறான இடத்தில் எடுத்துவிட்டதாக அண்ணன் சொன்னார். அவர் கன்னடத்தில் திட்டியதையெல்லாம் நின்று கேட்டுக்கொண்டார். மறுபடி சோதித்து உரமிட்டுப் பார்க்கலாம், அதுவரை உழ வேண்டாம் என்றார். “ஒந்து வாரா, அஷ்டே” என்று ஒரே ஒரு வாரம் கிடைத்தது. அந்த வாரத்துக்குள் சோதித்து உரமிட்டோம்; அடுத்த அறுப்பில் பயிர் முழங்காலுக்கு மேல் வந்தது. அதன் பிறகும் அண்ணன் என் பெயரைச் சொல்லவில்லை.

அண்ணனுக்குச் சிறுநீரகம் பழுதாகி, இறப்பதற்கு முந்திய கடைசி வருடத்தில் டயாலிசிஸுக்கு அழைத்துப் போய்வந்த ஆட்டோ நண்பருக்கும், அண்ணிக்குத் துணையிருந்த எதிர்வீட்டாருக்கும், பாடைக்குத் தோள் கொடுத்த அந்தப் பண்ணைக்காரருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. பண்ணைக்காரருக்கு இதைத் தமிழ் தெரிந்தவர்கள் படித்துச் சொல்லவும்: எருக்குழி ஓரத்தில் மண் எடுத்தவன் நான்; அண்ணன் அல்ல.

 அண்ணன் எனக்காகத் திட்டு வாங்கியதற்கு மறுநாள் காலை, அதே நிலத்தில் கடப்பாரையோடு மண் எடுக்க இறங்கினேன். பத்துக் குழி.