பூட்டிய வீட்டு வேல்

குன்னூர் பக்கம் ஜெகதளாவில், என் மளிகைக் கடையும் வீடும் சேர்ந்திருந்த இடத்துக்கு அடுத்த வீட்டில் ஒரு பெரியவர் தனியாக இருந்தார். இலங்கைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்தவர். மனைவி அங்கேயே இறந்துவிட்டாள், பிள்ளை இல்லை. அவளுடைய சேலையில் சுற்றிக் கப்பலில் கொண்டுவந்த பித்தளை வேல்தான் அவருக்குத் துணை. அந்தியில் அதற்கு விளக்கேற்றாமல் அவர் சாப்பிட்டதில்லை.

"நான் போயிட்டா இவனுக்கு யாரு தம்பி விளக்கு வைப்பா?" என்று கடைக்கு வரும்போதெல்லாம் கேட்பார்.

"நான் வெக்கறனுங்க" என்பேன். முருகனைச் சாட்சியாக வைத்துச் சொன்ன வார்த்தை அது.

ஒரு மழைக்காலத்தில் காய்ச்சல் கண்டு போய்ச் சேர்ந்தார். உயில் இல்லை, உறவென்று யாரும் வரவில்லை. சுடுகாட்டில், "கொள்ளி யாருங்க?" என்று சிதை அடுக்கியவர் கேட்டபோது வந்திருந்த ஆண்களெல்லாம் அவரவர் குடைக்கம்பியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அநாதையாகப் போகக்கூடாதே என்று நான் மொட்டை போட்டு, மீசை எடுத்து, குடம் உடைத்துக் கொள்ளி வைத்தேன்.

மறுநாள் வருவாய்த்துறை ஆட்கள் வந்து வீட்டைப் பூட்டி அரக்கு முத்திரை வைத்தார்கள். வேல் உள்ளே. வாரிசு இல்லாத சொத்து அரசாங்கத்தைச் சேருமாம். வீட்டோடு, பின்னாலிருந்த கொஞ்சம் தேயிலையும் போகும். போகட்டும். அதில் எனக்கு ஆசை இல்லை.

குடைக்கம்பியைப் பார்த்தவர்களில் ஒருவர்தான் கடை வாசலில் முதலில் கேட்டார்.

"ஏனுங்க, மொட்டை பளபளன்னு இருக்குதுங்க. பட்டா எப்பங்க?"

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் பருப்பைப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தேன். மகன் முறை செய்துவிட்டு வீட்டுக்கு உரிமை கேட்கப்போகிறேன் என்று குன்னூர் தாலுகா அலுவலகத்துக்கு மனுவே போய்விட்டது. கூப்பிட்டு அனுப்பினார்கள்.

"நீங்க வாரிசுங்களா?" என்றார் அதிகாரி.

"இல்லீங்க."

"அப்புறம் எதுக்குக் கொள்ளி வெச்சீங்க?"

"வேற யாரும் வெக்கலீங்க."

அவர் நம்பவில்லை. எந்த உறவும் இல்லை, எந்த உரிமையும் கோரமாட்டேன் என்று எழுதிக் கொடுக்கச் சொன்னார். வீட்டில் மனைவியும் அழுதாள். "ஏனுங்க, எழுதிக் குடுத்துட்டு வந்துருங்க. தண்ணி புடிக்கப் போனாக்கூட எல்லாரும் ஒரு மாதிரி பாக்கறாங்க."

எழுதிக் கொடுத்தேன். தலையில் அப்போதுதான் முடி முள்முள்ளாக முளைத்திருந்தது. அந்தத் தலையோடு நின்று, அவர் எனக்கு யாருமில்லை என்று கையெழுத்துப் போட்டேன். போட்டுவிட்டு, "உள்ள இருக்கற அந்தப் பித்தளை வேலை மட்டும் எடுத்துக் குடுங்க சார், விளக்கு வெக்கோணும்" என்றேன்.

"யாருமில்லைன்னு இப்பத்தான எழுதுனீங்க? எந்தக் கணக்குல குடுக்கறது?"

அந்தக் கார்த்திகைக்கு, பூட்டிய கதவுக்கு வெளியே படியில் ஓர் அகல் வைத்துவிட்டு வந்தேன். விடிவதற்குள், இடத்துக்கு அடிபோடுகிறான் என்று மறுபடியும் பேச்சு. அடுத்த வருஷம் மனைவி என் கையிலிருந்து அகலைப் பிடுங்கி உள்ளே வைத்துவிட்டாள்.

பூட்டு துருவேறிவிட்டது. கூரையில் ஒரு தகரம் காற்றில் போய்விட்டது. மழை பெய்தால் உள்ளே சொட்டும் சத்தம் எங்கள் பூஜை அலமாரி வரை கேட்கிறது. சாமிக்கு விளக்கேற்றி நிற்கும்போதெல்லாம் கேட்கிறது. நான் கண்ணை மூடிக்கொள்கிறேன். காதை மூட முடியவில்லை.