விரிசலுக்கு வைத்த கண்ணாடி

பெரியப்பா கோயிலை இடிக்க வேண்டும் என்றார். நான் கூடாது என்றேன். அவர் சபையின் செயலாளர். நான் ஆறாம் வகுப்பு. போட்டி சமமாக இல்லை என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

நாங்கள் நகரத்தில், நீலசந்திராவில் இருந்தோம். அப்பா பீன்யாவில் லேத் ஓட்டினார். ஞாயிறு காலை சிவாஜிநகரில் பஸ் பிடித்து, ஹொஸ்கோட்டையைத் தாண்டி இறங்கி, ராகிக் கொல்லைகளுக்கு நடுவே நடந்தால் அப்பாவின் ஊர். எந்தக் காலத்திலோ பஞ்சம் பிழைக்க வந்த தமிழ்க் குடும்பங்களுக்காக ஒரு வெள்ளைக்காரப் பாதிரியார் அங்கே கட்டிய கோயில்தான் எங்கள் சபை. பக்கத்துப் பாறையிலேயே வெட்டிய கருங்கல். என் கை நீளத்துக்குச் சுவரின் கனம். மேலே மங்களூர் ஓடு, அதைத் தாங்கும் தேக்குச் சட்டங்களில் ஓர் ஆணி கிடையாது, எல்லாம் மரமுளைதான். இதையெல்லாம் ஒரு நோட்டுப் புத்தகத்தில் வரைந்து வைத்து, கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் காட்டிக்கொண்டிருந்தேன்.

வடக்குச் சுவரில் ஜன்னல் மூலையிலிருந்து கீழே வரைக்கும் ஒரு விரிசல் ஓடியது. ஈஸ்டர் முடிந்த ஞாயிறு பெரியப்பா அதில் விரலை விட்டுக் காட்டினார். "இன்னொரு மழைக்கு இது தாங்காது. இடிச்சிட்டு கான்கிரீட்ல கட்டலாம்." புதுக் கோயிலின் பிளான் அவர் பையிலேயே இருந்தது. மழைக்காலம் முடியட்டும், சபைக் கூட்டத்தில் கை தூக்கி முடிவெடுப்போம் என்றார் போதகர்.

பள்ளி நூலகத்தில் ஓர் அறிவியல் பத்திரிகையில் படித்திருந்தேன்: விரிசலுக்குக் குறுக்கே மெல்லிய கண்ணாடியை ஒட்டி வைக்க வேண்டும். சுவர் நகர்ந்தால் கண்ணாடி உடையும். உடையாவிட்டால் விரிசல் என்றைக்கோ நின்றுபோன பழைய விரிசல். சிவாஜிநகரில் போட்டோவுக்குச் சட்டம் போடும் கடையில் கழித்துப் போட்ட துண்டுகளைக் கேட்டு வாங்கினேன். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அப்பா வாங்கித் தந்தார். ஏன், எதற்கு என்று அவர் கேட்கவில்லை. "உங்க பெரியப்பா சொல்றதுலயும் ஏதாவது இருக்கும்மா" என்று மட்டும் சொன்னார். என்ன இருக்கும் என்று நானும் கேட்கவில்லை.

மூன்று துண்டுகளை ஒட்டிக்கொண்டிருந்தபோது பெரியப்பா பின்னால் வந்து நின்றார்.

"இன்னாடி, செவுத்துக்குக் கட்டுப் போடறியா?"

"ஆமா. நீங்க அதோட கையைக் காலை உடைக்கறதுக்கு முன்னால."

"வாயைப் பாரு. அப்படியே அவங்க அம்மா."

ஜூன் மாதம், ஆராதனை முடிந்து வெளியே வந்தவர்கள் முன்னால், உள்ளங்கை அகலத்துக்குப் பெயர்ந்து விழுந்த பூச்சுப் பாளத்தைப் பெரியப்பா என்னிடம் நீட்டினார். என் கண்ணாடி முழுசாக அதில் ஒட்டிக்கொண்டிருந்தது. "இந்தாம்மா இன்ஜினியர். கண்ணாடி உடையல, செவுருதான் உடைஞ்சிது." எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் காது மடல் எரிந்தது. ஆனாலும் பாளத்தைத் திருப்பிப் பார்த்தேன். சாம்பல் நிற சிமெண்ட்.

அப்போதுதான் விஷயம் பிடிபட்டது. எங்கள் ஊரில் பிள்ளை பிறந்தாலும் வேலை கிடைத்தாலும், கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஸ்தோத்திரமாகக் கோயில் சுவருக்கு ஒரு பூச்சுப் பூசிவிடுவார்கள். சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய கல்சுவர் மேல், வருஷா வருஷம், பக்தியோடு சிமெண்ட். உள்ளே போன ஈரம் வெளியே வர வழியில்லாமல் அந்தச் சிமெண்ட் தோல்தான் வெடித்துக்கொண்டிருந்தது. நானோ கண்ணாடியைத் தோலில் ஒட்டியிருந்தேன்.

அப்பாவின் உளியை எடுத்து, விரிசல் போன வழியெல்லாம் சுரண்டினேன். நான்கு ஞாயிறு ஆயிற்று. பூச்சுக்குப் பின்னால் கல் கல்லாகவே இருந்தது. ஜன்னல் மூலையில் மட்டும் ஓர் இணைப்பு கொஞ்சம் விட்டிருந்தது. அங்கே, கல்லிலிருந்து கல்லுக்கு, ஒரே ஒரு கண்ணாடியை ஒட்டினேன்.

அந்த வருஷ மழை லேசான மழை இல்லை. ஊர் ஏரி உடைத்துக்கொண்டது, இரண்டு ஞாயிறு பஸ்ஸே போகவில்லை. நீலசந்திராவில் ஓட்டுக்கூரை ஒழுகிய இடத்தில் பாத்திரம் வைத்துக்கொண்டே, மனசுக்குள் அந்தக் கண்ணாடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கூட்டம் நடந்த ஞாயிறு நான் எழுந்து நின்றதும், "சின்னப் பசங்க இதுல பேசக் கூடாது" என்று யாரோ சொன்னார்கள். "பேச வேணாம், காட்டட்டும்" என்றார் போதகர். சபை மொத்தமும் சேற்றில் இறங்கி வடக்குச் சுவருக்கு வந்தது. போதகர் அங்கியைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்தார். ஒரு கீறல் இல்லை. ஊர்க் கல்தச்சர் சுத்தியலின் பிடியால் நாலு இடத்தில் தட்டிப் பார்த்துவிட்டு, கன்னடத்தில், "கல்லு கட்டி இதே, சாமி" என்றார். கல் உறுதியாகத்தான் இருக்கிறது.

உள்ளே போனோம். இடிக்க வேண்டாம் என்று கைகள் எழுந்தன. எண்ணவே தேவைப்படவில்லை. யாரோ போய் மணியை அடித்தார்கள். பதினொரு வயதில் ஒரு கோயிலைக் காப்பாற்றியவள் எப்படி நிற்பாளோ அப்படி நின்றேன்.

பெரியப்பா பிளானை மடித்துப் பையில் வைத்தார். "சரி. கோயில் இருக்கட்டும். இது வேணாம்" என்று கீழே காட்டினார். நடுக்கூடத்தின் குறுக்கே, முன் பெஞ்சுகளுக்கும் பின் பெஞ்சுகளுக்கும் இடையில், முழங்கால் உயரத்துக்கு ஒரு கல்வரிசை. வேறு எந்தக் கோயிலிலும் நான் பார்க்காத ஒன்று. நோட்டில் அதற்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்கியிருந்தேன்.

"அதுவும் பழசு பெரியப்பா. அதை எடுத்தா கோயிலோட அழகே போயிடும்."

யாரும் சிரிக்கவில்லை. முன் பெஞ்சில், பாதிரியார் பங்களாவில் எழுத்து வேலை பார்த்தவர்களின் வழியில் வந்தவர்கள், பாட்டுப் புத்தகத்தைப் புரட்டினார்கள். எதற்கும் குரல் உயர்த்தாத அப்பா எழுந்து போய், மணிக்கொட்டகையிலிருந்து கடப்பாரையைக் கொண்டுவந்து தன் அண்ணன் கையில் கொடுத்தார்.

அந்தப் பாதிரியார் யார் யாரோடு சேர்ந்து உட்காராமல் இருக்க அந்தக் கல்லை வைத்தார் என்பதும், எங்கள் குடும்பம் அதற்கு எந்தப் பக்கம் என்பதும் எனக்குத் தெரிய இன்னும் பல வருஷங்கள் ஆயின. சுவரின் கனத்தை அளந்தவள் அதைக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கல் பெயர்ந்ததும், செயலாளராக இருந்தும் இத்தனை வருஷம் அறிக்கை வாசித்துவிட்டுக் கடைசி பெஞ்சுக்கே திரும்பிய பெரியப்பா, நேராக நடந்து போய் முதல் பெஞ்சில் உட்கார்ந்தார். வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. தோற்றுப்போன கோபம் என்று நினைத்து, நான் அவர் பக்கமே போகவில்லை.