சந்தனம் வைத்த காப்புறுதிப் பத்திரங்கள்

இந்த நினைவு மலரைக் கையில் எடுத்திருக்கும் உங்களில் பலருடைய கூறைச்சேலை எங்கள் அக்காவின் கைபட்டுத்தான் அலுமாரிக்குள் போயிருக்கும். குழம்புக் கறையோ குழந்தை கக்கிய பாலோ, எதுவென்றாலும் துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "போகும், பயப்பிடாதேங்கோ" என்று சொல்லி அனுப்புவார். ஓராண்டாக அந்தக் குரல் இல்லாமல் இருக்கிறோம். எனக்கு அது இன்னும் பழகவில்லை. பழகிக்கொள்ள விருப்பமும் இல்லை.

அக்கா யாழ்ப்பாணத்து அளவெட்டியில் மூத்த பிள்ளையாகப் பிறந்தவர். அம்மா படுக்கையில் விழுந்தபோது பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு எனக்குத் தலை பின்னிவிட்டவர். அத்தானைக் கைப்பிடித்து ரொறன்ரோ வந்த காலத்தில் இங்கே தமிழ் முகத்தைக் காண்பதே அரிது. இருவரும் உழைத்துச் சேர்த்து, அஜின்கோர்ட்டில் ஒரு ட்ரை கிளீனிங் கடையைக் கட்டடத்தோடு வாங்கினார்கள். பின்னால் வந்த நான் கடைக்கு மேல் அறையில் அவர்களோடு இருந்தேன். சூடான நீராவி மணம் எங்காவது அடித்தால் இன்றும் என் கால் நின்றுவிடுகிறது.

கடைக்கு வருடா வருடம் புதிய காப்புறுதிப் பத்திரம் வரும். அக்கா அதைப் பிள்ளையார் படத்துக்கு முன்னால் வைத்து, மூலையில் சந்தனம் தொட்டுவிட்ட பிறகுதான் அத்தானிடம் கொடுப்பார்.

"என்னக்கா, இன்சூரன்சுக்கும் பொட்டோ?" என்று சிரிப்பேன்.

"கடைக்கு ஒண்டும் வரக்கூடாதெண்டுதானே காசு கட்டுறம்? அப்ப பிள்ளையாருக்கும் ஒருக்காக் காட்டி வைப்பம்."

சந்தனம் வைத்த தாளைக் குப்பையில் போடக்கூடாது என்பது அக்காவின் கண்டிப்பு. ஆற்றில் விட இங்கே வழியில்லை. ஆகவே பழைய பத்திரங்களெல்லாம், மஞ்சள் பூசிய கல்யாண அழைப்பிதழ்களோடு ஒரு பெரிய பிஸ்கட் தகரப் பேணிக்குள் போயின.

அத்தான் காலமான பிறகும் அக்கா தனியே கடையை நடத்தினார். முழங்கால் ஏலாமல் வந்தபோது, கட்டடத்தை விற்றுவிட்டுப் பக்கத்து ஊரான அஜக்ஸில் மகள் சுபாவோடு இருக்கலாம் என்று ஆசைப்பட்டார். வாங்க வந்தவரின் வங்கி நிலத்தைத் துளைத்து மண்ணைச் சோதித்துப் பார்க்கச் சொன்னது. அந்தக் காலத்து மெசினிலிருந்து கசிந்த துப்புரவு மருந்து மண்ணுக்குள் இறங்கி இருந்தது. சுத்தம் செய்யும் செலவு கட்டடத்தின் விலையையே விழுங்கிவிடும் என்றார்கள். அக்காவிடம் இருந்த ஒரே சொத்து அதுதான்.

கடைக்குப் பின்வளவில் இருப்பவர் செல்வம் அண்ணை. கோடை முழுதும் கத்தரியும் பயிற்றையும் வளர்ப்பவர்.

"அம்மா, ப்ளீஸ், இப்ப ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ. முதல்ல லோயரோட கதைப்பம்," என்று சுபா கெஞ்சினாள்.

"அந்த மனிசன் நாளைக்கும் காய் பிடுங்கிச் சமைக்கும், பிள்ளை," என்று சொல்லிவிட்டு அக்கா வேலியடிக்குப் போனார். நானும் கூடப் போனேன்.

"அண்ணை, எங்கட கடை மருந்து உங்கட வளவுக்குள்ளயும் வந்திருக்குமோ எண்டு பயமாக் கிடக்கு. சோதிச்சுப் பாக்குமட்டும் காய் ஒண்டும் சாப்பிடாதேங்கோ."

அண்ணை உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். சோதித்தபோது அவருடைய மண்ணிலும் மருந்து இருந்தது. நட்டஈடு கேட்டு அவருடைய சட்டத்தரணியின் கடிதம் வந்தது. அந்த வாரம் முழுதும் அக்கா சரியாகச் சாப்பிடவில்லை.

அந்தக் கடிதத்தைப் பார்த்த எங்கள் சட்டத்தரணிதான், பிறருக்கு நேரும் சேதத்துக்கென்று கடை தொடங்கிய காலத்தில் எடுத்த பொறுப்புக் காப்புறுதி ஏதும் கைவசம் இருக்கிறதா என்று கேட்டார். சேதம் நடந்த வருடத்தில் காப்புறுதி இருந்திருந்தால், அது இன்று தெரியவந்தாலும் அந்தப் பத்திரம் செல்லுமாம். மண் மாசுக்குப் பணம் தரமாட்டோம் என்ற நிபந்தனை அந்த முதல் வருடத்துப் பத்திரங்களில் இன்னும் ஏறவில்லையாம். அதுவும் பிறருடைய நிலம் கெட்டு, அவர் நட்டஈடு கேட்டிருந்தால்தான் கம்பனியிடம் கேட்க வழி உண்டாம். "பெரும்பாலானோர் இதையெல்லாம் எறிந்துவிடுவார்கள்," என்று கவலைப்பட்டார்.

"சந்தனம் வச்ச பேப்பரை ஆர் எறியிறது?" என்றார் அக்கா.

பேணியைத் திறந்து முதல் வருடத்துப் பத்திரத்தை எடுத்தோம். சந்தனம் காய்ந்து மண்ணிறமாகியிருந்தது. அந்தக் கம்பனியை இன்னொன்று வாங்கி, பெயரே மாறிப்போயிருந்தது. முதலில் மறுத்தார்கள். சட்டத்தரணி விடவில்லை. கடைசியில் செலவின் பெரும்பகுதியை ஏற்றார்கள். அன்று அக்கா முதலில் தொலைபேசி எடுத்தது எனக்கல்ல, செல்வம் அண்ணைக்கு.

தோண்டும் வேலை தொடங்கியபோது அக்காவின் இருதயம் தளர்ந்துவிட்டது. ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து தினமும் ஒரே கேள்விதான்: "அண்ணையின்ர பக்கம் முடிஞ்சுதோ?" முடிந்துவிட்டது என்று சொல்ல எங்களுக்குக் கொடுத்துவைக்கவில்லை. அஜக்ஸ் வீட்டில் அக்காவுக்கென்று ஒழுங்குபடுத்திய அறையில் கட்டில் விரித்தபடியே இருக்கிறது. அங்கே போகும்போதெல்லாம் அந்தக் கதவை ஒருக்கால் தட்டத் தோன்றுகிறது.

அக்காவைத் தாங்கிப் பார்த்த தாதியருக்கும் வைத்தியர்களுக்கும், சளைக்காமல் வாதாடிய சட்டத்தரணிக்கும், இறுதிநாளில் மழையில் நின்றவர்களுக்கும், எங்களுக்குச் சமைத்துக் கொண்டுவந்த உறவுகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. செல்வம் அண்ணைக்கு நன்றி சொல்லப் போனால் அவர் கோபிக்கிறார். இன்றைய திவசப் படையலில் உள்ள கத்தரிக்காயும் பயிற்றங்காயும் அவருடைய புது மண்ணில் காய்த்தவை. "தங்கச்சிக்குப் படைச்சாப் பிறகுதான் நான் வாயில வைப்பன்," என்று அக்காவைச் சொல்லிக் கொண்டுவந்து தந்தார்.

இரண்டு வளவும் சுத்தம் என்ற பத்திரம் போன மாதம்தான் வந்தது. சுபா அதை அக்காவின் படத்துக்கு முன்னால் வைத்தாள். நான் சந்தனக் கிண்ணத்தை எடுக்கத் திரும்பினேன். அதற்குள் அவளே மூலையில் தொட்டுவிட்டு, பேணியைத் திறந்து உள்ளே வைத்தாள்.

"எறியமாட்டம், அம்மா," என்றாள்.