சோத்துக்கை

செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே பச்சைமுத்துவின் பரோட்டாக் கடை. அவர் மாவு வீசுவதைப் பார்த்து நின்று பனமலை பஸ்ஸைத் தவறவிட்டவர்கள் உண்டு. போன தையிலிருந்து அவர் இடது கையால் வீச ஆரம்பித்தார்.

"இன்னா முத்து, பீச்சாங்கைக்கு ப்ரமோஷனா?" என்றார் கண்டக்டர் செல்லப்பன்.

"அந்தக் கை லீவு கேட்டுது, குடுத்துட்டேன்."

பரோட்டா முன்போலவே பூவாக வந்ததால் யாரும் மேற்கொண்டு கேட்கவில்லை.

மகள் ஷோபனாவும் கேட்கவில்லை. தாய் இல்லாத வீட்டில் அவர்கள் இருவர்தான். சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு அவள் வீட்டிலிருந்தே வேலை பார்த்தாள். ரோபோ கையில் ஒரு மோட்டார் பலமிழந்தால், மற்ற மூட்டுகள் அதன் சுமையையும் ஏற்று வேலையை முடிக்கும்படி புரோகிராம் எழுதுவாள். ஒருநாள் அவருக்கு வீடியோ காட்டினாள். முழங்கை மோட்டாரை நிறுத்தியிருந்தார்கள். ஆனாலும் ரோபோ தண்ணீர் டம்ளரைச் சிந்தாமல் எடுத்து வைத்தது.

"கெட்டுப்போனது வெளியில தெரியவே இல்லியே," என்றார்.

"அதான் நைனா ஆபத்து. மத்ததுங்க சமாளிச்சிட்டே இருக்கும், கெட்டது இன்னும் கெட்டுப்பூடும். அதனால எச்சரிக்கை குடுக்கறதுக்குத் தனியா எழுதணும்."

அவர் எழுந்தார்.

"சாப்ட்டுப் போ நைனா."

"கடையிலயே துன்னுட்டேம்மா."

பல மாதமாக இதே பதில்தான்.

ஆடியில் ஒரு மத்தியானம், வெளியே போய்த் திரும்பியவள் அவரிடமிருந்த வீட்டுச் சாவியை வாங்கக் கடைக்குப் போனாள். சாக்குத் திரைக்குப் பின்னால், சுவரைப் பார்த்து உட்கார்ந்து, அவர் இடது கையால் சோறு அள்ளிக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் அந்தக் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். வலது கை மடியில் கிடந்தது.

"இன்னா நைனா இது?"

"சோத்துக்கை வர மாட்டேங்குதும்மா. நாலு பேர் எதிர்ல பீச்சாங்கையால எப்படித் துன்றது?"

மாவு வீச, கல்லைத் தேய்க்க, எல்லாவற்றுக்கும் அவர் இடது கையைப் பழக்கிக்கொண்டார். பிறர் பார்க்கச் சோறு அள்ள மட்டும் மனம் ஒப்பவில்லை. வீட்டில் அவள் எதிரே உட்கார்ந்து ஒரு வேளையாவது சாப்பிட்டிருந்தால் அவளுக்குத் தெரிந்திருக்கும்.

கழுத்தில் நரம்பு நசுங்கி வெகு நாளாகிறது என்றார் பாண்டிச்சேரி டாக்டர். "தையிலயே வந்திருந்தா கையக் காப்பாத்தியிருக்கலாம். இப்ப ஆபரேஷன் பண்ணா மேல கெடாம பாத்துக்கலாம், அவ்ளோதான்."

வீட்டுக்கு வந்ததும் ஷோபனா ரசஞ்சோறு பிசைந்து உருண்டையை நீட்டினாள். அவர் வாயைத் திறக்காமல் தெருவைப் பார்த்தார்.

"கதவ சாத்திட்டு வாம்மா."

சாத்திவிட்டு வந்தாள். அதன் பிறகுதான் வாயைத் திறந்தார்.