நான் இறங்கவில்லை

கெலுகோரில் எங்கள் வீட்டு முன் ஒன்பது வருடமாக ஒரு பழைய கார் நிற்கிறது. நானே பழுதுபார்த்து ஓட்டுவேன் என்று வாங்கினேன். தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பழுதுபார்ப்பதுதான் என் வேலை. ஆனாலும் இதை முடிக்கவில்லை, தப்பு என்னுடையதுதான். அதைப் பார்த்தாலே கூச்சமாக இருக்கும்.

ஒரு ஞாயிறு காலை, என்னைக் கேட்காமலே என் கணவர் பழைய இரும்பு வாங்கும் லாரியை வரவழைத்துவிட்டார். சங்கிலி மாட்டுவதற்குள் நான் காரில் ஏறி உட்கார்ந்துகொண்டேன்.

"இறங்குலா, எல்லாரும் பாக்குறாங்க. இது ஓடவே ஓடாது" என்றார் கணவர்.

"ஓடாட்டியும் இது என் காடி. நான் சொல்லாம எங்கயும் போவாது."

லாரிக்காரர் சங்கிலியைச் சுருட்டினார். "அக்கா உள்ள இருக்காங்க அண்ணே, எப்படித் தூக்குறது?" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார்.

கார் இன்னும் ஓடவில்லை. கூச்சம் மட்டும் அன்றோடு போய்விட்டது. அதை எப்போது முடிப்பது என்பதை நான்தான் சொல்வேன்.