மாவு பொங்கும் வரை

அந்தப் பேக்கரியில் மாவு பிசையச் சேர்ந்து, மாவு பிசைந்தபடியே ஓய்வு பெற்றவர் அவர். எல்லோருக்கும் அவர் மாவுக்காரர்தான். கதை எழுதுவார் என்பது அங்கே யாருக்கும் புதிதில்லை, பெரிய விஷயமும் இல்லை. ஒருவர் ஓயாமல் தீக்குச்சியால் பல் குத்துவார், இன்னொருவர் மூக்கைச் சொறிவார். இவர் எழுதுவார், அவ்வளவுதான்.

விடிகிற நேரத்தில் மாவைப் பிசைந்து ஈரத்துணி போட்டு மூடிவிட்டால், அது பொங்கி வரும்வரை கைக்கு வேலை கிடையாது. மற்றவர்கள் மாவு மூட்டையில் சாய்ந்து கண்ணை மூடுவார்கள். இவர் கையைக் கழுவிக்கொண்டு, கவிழ்த்துப் போட்ட டின் ஒன்றின் மேல் உட்கார்ந்து எழுதுவார். ஒரு பக்கம் அடுப்பின் அனல், மறுபக்கம் ஈஸ்டின் லேசான புளிப்பு வாசனை. நகக்கண்ணில் மிச்சமிருக்கும் மாவு காகிதத்தில் உதிரும். ஊதிவிட்டு அடுத்த வரிக்குப் போவார்.

கதையில் யார் அழுதுகொண்டிருந்தாலும் மாவு காத்திருக்காது. துணி உப்பி எழுந்ததும் அடுப்பு பார்க்கிற அண்ணன் கத்துவார்.

"டேய், ஏறிடுச்சு. எந்திரி!"

பாதி வரியில் பேனாவை மூடியாக வேண்டும். ஒரே ஒருநாள் "இருங்கண்ணே, இந்த வரிய மட்டும்" என்று இழுத்தார். அன்றைக்கு ரொட்டி முழுக்கப் புளித்துப்போய், இருவரும் முதலாளியிடம் செமத்தியாக வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். பிறகு அந்தப் பேச்சே எழவில்லை.

டின்களில் மாவை உருட்டிப் போடும்போது அண்ணன் கேட்பார், "அப்புறம் என்னடா ஆச்சு?"

"தெரியலண்ணே. நாளைக்குத்தான்."

"எழுதறவனுக்கே தெரியலயாம்! நல்லா இருக்குடா உன் பொழப்பு."

இப்படித்தான் ஒரு நீண்ட கதை வளர்ந்தது. ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கிற பெண் ஒருத்தி. ஊருக்கெல்லாம் டிக்கெட் கிழித்துக் கொடுத்தவள், ஒருநாள் தனக்கே ஒன்று கிழித்துக்கொண்டு பெட்டியோடு பிளாட்பாரத்தில் வந்து நிற்கிறாள். அவள் அங்கே நிற்கும்போதுதான் அண்ணன் நெஞ்சுவலி என்று வேலையை விட்டார். கொஞ்ச நாளில் மாவுக்காரரும் ஓய்வு பெற்றார்.

வெளியூரிலிருந்து வந்த மகன் ஜன்னலோரம் மேசை வாங்கிப் போட்டான். சாய்வு நாற்காலி, விளக்கு, கட்டுக் காகிதம். "இனிமே நிம்மதியா எழுதுங்கப்பா" என்றான். நிம்மதிக்கு ஒரு குறையும் இல்லை. முதல் நாள் காலையில் உட்கார்ந்தவர் சாப்பாட்டையும் மறந்து, மனதில் இருந்ததையெல்லாம் வழித்துக் கொட்டிவிட்டுத்தான் எழுந்தார். மறுநாள் உட்கார்ந்தால் ஒன்றும் வரவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. பேனாவுக்கு மை மாற்றினார். மேசையைத் திருப்பிப் போட்டார். முதல் பக்கத்தை அழகாக நகலெடுத்தார்.

"ஏங்க, அந்த மேசைய இன்னும் எத்தன தடவ தொடப்பீங்க? எழுத வரலன்னா என் அலமாரியையும் கொஞ்சம் தொடச்சுக் குடுங்க" என்றாள் மனைவி.

மாதங்கள் ஓடின. அண்ணன் படுத்த படுக்கையானார். பார்க்கப் போனால் உடம்பைப் பற்றிப் பேச மாட்டார்.

"அந்தப் பொண்ணு இன்னும் பிளாட்பாரத்துலயேதான் நிக்குதா? பாவம்டா, கால் வலிக்கும். நான் கிளம்பறதுக்குள்ள அவள ரயில் ஏத்தி விட்டுடு."

மாவுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். "உக்காந்து உக்காந்து பாக்கறேன்ணே. ஒரு வரி வரமாட்டேங்குது."

"எப்படி வரும்? நீ என்னைக்குடா ஒரு வரிய முழுசா முடிச்சுட்டு எந்திரிச்சிருக்க? நான் கத்துவேன், நீ என்னைத் திட்டிக்கிட்டே வருவ. அன்னைக்குப் பூரா வாயி முணுமுணுத்துக்கிட்டே இருக்கும்."

வீடு திரும்பும் வழியெல்லாம் அவருக்கு அதே நினைப்பு. உண்மைதான். மாவை உருட்டும் கைக்குள் அந்தப் பாதி வரி நாளெல்லாம் உருண்டுகொண்டிருக்கும். மறுநாள் டின்னில் உட்காரும்போது மீதிப் பாதி தயாராக இருக்கும். இப்போது எழுப்ப ஆளில்லை. இருப்பதையெல்லாம் ஒரே நாளில் சுரண்டித் தின்றுவிட்டு, மறுநாள் காலிப் பாத்திரத்தை அல்லவா பார்த்துக்கொண்டிருக்கிறார்?

போகிற வழியிலேயே மைதாவும் ஈஸ்டும் வாங்கினார். மறுநாள் காலையில் மனைவியின் பெரிய பாத்திரத்தை எடுத்து மாவு பிசைந்தார்.

"ரிட்டயர் ஆனது மறந்துபோச்சா? இருக்கறது ரெண்டு பேரு. இத்தன ரொட்டிய யாரு திங்கறது?"

"அது கெடக்கட்டும். துணி மேல எழும்பினா ஒரு சத்தம் குடு."

மேசையை விட்டுவிட்டு, சமையலறை வாசலில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்தார். முதல் நாள் ஒன்றும் எழுதவில்லை. மாவின் வாசனையைப் பிடித்துக்கொண்டு சும்மா இருந்தார். மனைவி கூப்பிட்டதும் எழுந்துபோய் ரொட்டி சுட்டார். இரண்டாம் நாள் பிளாட்பாரத்தில் மழை பிடித்தது. மூன்றாம் நாள் அந்தப் பெண் பெட்டியைத் தூக்கித் தலைக்கு மேல் வைத்துக்கொண்டபோது, "ஏங்க, ஏறிடுச்சு!" என்று குரல் வந்தது. வரி பாதிதான் ஆகியிருந்தது. ஆனாலும் பேனாவை மூடினார்.

அக்கம்பக்கத்து வீடுகளெல்லாம் ரொட்டி தின்று அலுத்துப்போயின. மாவுக்காரரைத் தெருமுனையில் கண்டாலே கதவைச் சாத்தினார்கள். அவர் முணுமுணுத்துக்கொண்டே நடந்தார்.

ஒருநாள் சூடான ரொட்டியும் காகிதங்களுமாக அண்ணன் வீட்டுக்குப் போனார். கட்டிலோரம் உட்கார்ந்து வாசித்தார். ரயில் வந்தது. பெட்டி முதலில் ஏறியது, பின்னால் அவள். ஜன்னலோரம் உட்கார்ந்து நனைந்த தலையைத் துவட்டினாள். நிலையம் பின்னால் நகர்ந்தது.

அண்ணன் ரொட்டியைப் பிட்டு வாயில் வைத்து, கண்ணை மூடி மென்றார். "அடுப்பு சூடு பத்தல" என்றார்.

"அப்பாடா, ஏறிட்டா." கண்ணைத் திறந்தார். "எதிர் சீட்டுல யாருடா உக்காந்திருக்கா?"

மாவுக்காரர் காகிதத்தைப் புரட்டிப் பார்த்தார். கடைசி வரி பாதியில் நின்றது.

"தெரியலண்ணே. நாளைக்குத்தான்."