சாம்பல் கோட்டுக்குள் பூஜா

பூஜாவுக்குப் பதினான்கு வயது. உத்திரமேரூரிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் ஓர் ஊர்ப் பள்ளியில் ஒன்பதாவது படிக்கிறாள். வகுப்பிலேயே பருமனான பெண். அதை மறந்திருக்க அவளை யாரும் விட்டதில்லை.

அம்மா கனகா விடிவதற்குள் கழனி வேலைக்குப் போய்விடுவாள். பூஜாவுக்குக் காலை நாஷ்டா என்றால் பள்ளிக்கூடத்து வாசல் கடையில் தொங்கும் மசாலா சிப்ஸ் பாக்கெட்தான். மத்தியானம் சத்துணவு. சாயங்காலம் பசித்தால் மறுபடியும் பாக்கெட். உடம்பு போட்டது இப்படித்தான். அந்தப் பள்ளியில் பல பிள்ளைகளுக்கும் இதே கதை.

போன வாரம் எடை பார்க்க வந்த டாக்டரம்மா, பூஜாவின் எடையை உரக்கச் சொல்லிவிட்டார். வகுப்பே சிரித்தது.

"ஓடியாடி விளையாடணும்மா. உட்கார்ந்தே இருந்தா எப்படி?"

"எங்க மேடம் விளையாடறது? கிரவுண்டு பூரா நெல்லு காயுது."

டாக்டரம்மா ஜன்னல் வழியே பார்த்தார். பிறகு அடுத்த பெயரைக் கூப்பிட்டார்.

பூஜா சொன்னது பொய்யில்லை. விளையாட்டு வாத்தியார் மாற்றலாகிப் போனவர்தான், அந்த இடத்துக்கு யாரும் வரவில்லை. அறுப்பு தொடங்கினால் மைதானம்தான் களம். பெரிய குடித்தனக்காரர் ராஜாராம் நெல்லைக் கொட்டிவிட்டால், பிள்ளைகள் சுவரோரமாக நடந்து வகுப்புக்குள் அடங்க வேண்டியதுதான். நெல்லை மிதிப்பது பாவமல்லவா!

திங்கட்கிழமை காலை மைதானம் காலியாக இருந்தது. காய்ந்ததை அள்ளியாயிற்று, அடுத்த லோடு வரவில்லை. பூஜா பக்கெட் நிறைய அடுப்புச் சாம்பல் கொண்டுவந்து கபடிக்குக் கோடு போட்டாள்.

இந்தப் பக்கத்தில் நெற்குவியலைச் சுற்றிச் சாம்பல் கோடு போட்டால், போட்டவர் அழிக்கும்வரை வேறு யாரும் தாண்ட மாட்டார்கள். அதற்குச் சாமி காவல். கபடிக் கோட்டுக்கும் அந்தச் சாமி காவல் நிற்காதா என்ன? மிச்சச் சாம்பலை, "முருகா" என்று நெற்றியில் பூசிக்கொண்டு, கூட்டாளிப் பெண்களோடு நடுவில் நின்றாள்.

டிராக்டர் வந்தது. முன்சக்கரம் கோட்டை உரசிக்கொண்டு நின்றது. ஓட்டி வந்தவர் ராஜாராம். பின்னால் மூட்டைகள்மேல் வேலைக்காரப் பெண்களோடு கனகாவும் இருந்தாள்.

"எவடி களத்துல கோடு போட்டவ?"

"நான்தான் பெரிப்பா."

"நெல்லு ஈரமா கீது. வழி வுடு."

"நெல்லு ரோட்டுலகூட காயும். நாங்க ரோட்டுல ஆட முடியுமா?"

"நீ கபடி ஆடப் போறியா? தரை தாங்குமாடி?"

"உங்க டிராக்டரையே தாங்குது. என்னைத் தாங்காதா?"

மூட்டைமேல் இருந்த பெண்கள் குபீரென்று சிரித்துவிட்டார்கள். ராஜாராமுக்கு முகம் சிவந்தது.

"ஏத்திக்கினு போயிடுவேன்!"

"ஏத்துங்க." பூஜா காலை அகட்டி ஊன்றி நின்றாள்.

இன்ஜின் உறுமியது, சக்கரம் நகரவில்லை. பிறந்ததிலிருந்து சாம்பல் கோட்டைத் தாண்டாத மனுஷர் அவர். திரும்பிக் கத்தினார்.

"கனகா! உன் பொண்ண இஸ்துகினு போ. இல்லாங்காட்டி நாளைலேர்ந்து என் கழனிக்கு வராதே!"

கனகா இறங்கினாள். பூஜா அம்மாவையே பார்த்தாள். டிராக்டருக்கு எதிரே நிற்க முடிந்தது. அம்மா கையைப் பிடித்து இழுத்தால் நிற்க முடியுமா?

கனகா கோட்டருகே வந்து குனிந்தாள். சக்கரம் உரசிக் கலைந்திருந்த இடத்தைப் பார்த்தாள். பக்கெட்டிலிருந்து ஒரு பிடி சாம்பலை அள்ளி, அந்த இடத்தில் அழுத்தமாகக் கோடு இழுத்தாள்.

"இன்னாடி பாத்துக்கினு நிக்கறே? பெல் அடிக்கப் போறான். ஆடு!"

பூஜா தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கபடி கபடி என்று மூச்சுப் பிடித்துக்கொண்டு பாய்ந்தாள்.